தடுப்பூசிக்கு ஒரு கிலோ பருப்பு: உதய்ப்பூர் ஆய்வு கூறுவது என்ன?

ராஜஸ்தான் மாநிலம் உதய்ப்பூர் மாவட்ட கிராமங்களில், இலவசமாகவே கிடைத்தபோதும் குழந்தைகளுக்குத் தடுப்பூசித் தவணைகளை முழுமையாக முடித்தோர் மிகச் சொற்பம். பெற்றோரின் அவநம்பிக்கையா, சுகாதார நிலையங்களுக்குச் செவிலியர் வராமையா காரணம்? 2019-ஆம் ஆண்டு பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்ட குழுவினர், சேவா மந்திர் தொண்டு நிறுவனத்துடன் இணைந்து 134 கிராமங்களில் இதனை ஆராய்ந்தனர்.

சில கிராமங்களில் மாதந்தோறும் தவறாமல் முகாம் நடத்தப்பட்டது. வேறு சிலவற்றில் முகாமுடன், ஒவ்வொரு தவணைக்கும் ஒரு கிலோ பருப்பும், தவணைகள் நிறைவுற்றதும் உணவுத் தட்டுகளும் வழங்கப்பட்டன. இரண்டுமில்லாத கிராமங்களில் 6 சதவீதக் குழந்தைகளே முழுமையாகத் தடுப்பூசி பெற்றிருந்தனர். முகாம் மட்டும் நடந்த இடங்களில் இது 18 சதவீதம். பருப்பும் வழங்கப்பட்ட இடங்களில் 39 சதவீதம்.

முதல் ஊசிக்கு வந்தோரின் அளவு இருவகை முகாம்களிலும் ஏறத்தாழ ஒன்றே என்பது கவனிக்கத்தக்கது. நம்பிக்கையற்றவர் முதல் ஊசிக்கே வந்திருக்க மாட்டார். குழந்தையின் காய்ச்சலும் அழுகையும் இன்றே, பயனோ என்றோ. ஆகவே, 'அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்' என்ற ஒத்திப்போடலுக்கு ஒரு கிலோ பருப்பே மாற்றாக அமைந்தது.

ஒரே நாளில் அதிகக் குழந்தைகள் வந்ததால், பருப்பின் விலையைச் சேர்த்தும், முழுமையாகத் தடுப்பூசி பெற்ற ஒரு குழந்தைக்கான செலவு ஏறத்தாழப் பாதியானது. ஆயினும், அந்தக் கிராமங்களிலும் பத்தில் ஆறு குழந்தைகளுக்குத் தவணைகள் நிறைவுறவில்லை.