நெடுஞ்சாலைக்கு எடுக்கப்படும் நிலம்: நடுவர் தீர்ப்பை நீதிமன்றம் எவ்வளவு தூரம் திருத்தும்?

பொத்தேரி ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே ஜி.எஸ்.டி சாலை. தேசிய நெடுஞ்சாலை 45 என்று நெடுங்காலம் அறியப்பட்ட சாலை இது. அதைக் கடந்து நாள்தோறும் ஆயிரக்கணக்கான மாணவர்கள் கல்லூரிக்குச் செல்கிறார்கள். இத்தகைய ஒரு சாலைக்காக நிலம் பறிபோகும்போது, தரப்படும் இழப்பீடு போதாது என்று கருதும் குடும்பம் நேராக நீதிமன்றத்துக்குச் செல்ல முடியாது. முதலில் ஒரு நடுவரிடம்தான் செல்ல வேண்டும். அந்த நடுவரை நியமிப்பது ஒன்றிய அரசு. இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொள்ளாமல் நில உரிமை குறித்து இன்று பேச இயலாது.

நடுவர் தீர்ப்பு என்பது என்ன?

1996ஆம் ஆண்டின் நடுவர் தீர்ப்பு மற்றும் சமரசச் சட்டம் இம்முறைக்கு அடிப்படை. பிணக்கு கொண்ட இரு தரப்பும் மனமொத்து, நீதிமன்றத்துக்கு வெளியே தாங்கள் நம்பும் ஒருவரிடம் வழக்கை ஒப்படைப்பதே இதன் கருத்து. மூவர் கொண்ட தீர்ப்பாயம் என்றால், ஆளுக்கொருவரை நியமிப்பார்கள். அவ்விருவரும் சேர்ந்து தலைமை நடுவரைத் தேர்வு செய்வார்கள். பெரும்பான்மையின் முடிவே தீர்ப்பு. இரு தரப்பையும் சமமாக நடத்த வேண்டும், வாதிட முழு வாய்ப்பு அளிக்க வேண்டும் என்கிறது 18ஆம் பிரிவு. தீர்ப்புக்கான காரணங்கள் எழுதப்பட வேண்டும் என்கிறது 31ஆம் பிரிவு.

தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம், 1956 இதே சட்டத்தைக் கையாள்கிறது. ஆனால் அதன் உயிரான ‘மனமொத்து’ என்ற சொல் அங்கே இல்லை. நிலமெடுப்பு அறிவிப்பு வெளியானதும் ஆட்சேபம் தெரிவிக்க 21 நாட்கள் தரப்படுகின்றன. பின்னர் வரும் பிரகடனத்தோடு நிலம் அரசுக்குச் சொந்தமாகிவிடுகிறது. இழப்பீட்டை முதலில் நிர்ணயிப்பவர் நிலமெடுப்புக்கான வருவாய் அலுவலர். அத்தொகையை ஏற்காதவர் 3ஜி(5) பிரிவின்கீழ் நடுவரிடம் முறையிடலாம். தமிழ்நாட்டில் அந்த நடுவராக மாவட்ட ஆட்சியரே அமர்ந்திருக்கிறார். நிலத்தை எடுப்பதும் விலை சொல்வதும் அந்த விலை சரியா என்று பார்ப்பதும் அரசின் அலுவலர்களே.

ஒரு தரப்பு தானாகவே நடுவரை நியமித்துக்கொள்ளும் ஒப்பந்த விதிகள் சமத்துவத்துக்கு முரணானவை என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு கூறியது. ஆனால் அது பொதுத்துறைக்கும் தனியாருக்கும் இடையிலான ஒப்பந்தங்களைப் பற்றிய வழக்கு. நெடுஞ்சாலை நடுவரோ ஒப்பந்தத்தால் வந்தவர் அல்லர்; சட்டத்தால் வந்தவர்.

ஹக்கீம் வழக்கு சொல்வது

இம்முறையின் விளைவைத் தமிழ்நாட்டின் வழக்கு ஒன்றே காட்டுகிறது. நெடுஞ்சாலைக்காக எடுக்கப்பட்ட நிலங்களுக்குச் சதுர மீட்டருக்கு ரூ.46.55 முதல் ரூ.83.15 வரை இழப்பீடு நிர்ணயிக்கப்பட்டது. அடிப்படையாகக் கொள்ளப்பட்டது வழிகாட்டி மதிப்பு. அருகிலுள்ள நிலங்களின் கிரையப் பத்திரங்கள் கணக்கில் கொள்ளப்படவில்லை. நடுவரான மாவட்ட ஆட்சியரும் அதையே உறுதி செய்தார். மாவட்ட நீதிமன்றமோ தொகையை ரூ.645 ஆக உயர்த்தியது. சென்னை உயர் நீதிமன்றம் அவ்வாறு உயர்த்தும் அதிகாரம் உண்டு என்றது.

தேசிய நெடுஞ்சாலை ஆணையம் மேல்முறையீடு செய்தது. 2021 ஜூலை 20 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 34ஆம் பிரிவின்கீழ் நீதிமன்றம் நடுவர் தீர்ப்பை ரத்து செய்யலாம். சில சூழல்களில் குறையைச் சரிசெய்ய நடுவருக்கே வாய்ப்பளிக்கலாம். தொகையை மாற்றி எழுத முடியாது என்பதே அதன் சாரம். ஆயினும், அதே நிலமெடுப்பில் மற்றவர்கள் கூடுதல் தொகை பெற்றிருந்ததால், உழவர்களுக்குக் கிடைத்த தொகையில் தலையிட நீதிமன்றம் மறுத்தது. அந்த உழவர்கள் பணத்தை வென்றார்கள். அவர்களுக்குப் பின்னால் வரும் உழவர்கள் சட்டத்தை இழந்தார்கள். ஏனெனில் ரத்து என்றால் வழக்கு மீண்டும் ஓர் அரசு அலுவலரின் மேசைக்கே போகும்.

2025 ஏப்ரல் 30 அன்று, சென்னையிலிருந்து சென்ற ஒரு பணி தொடர்பான பிணக்கில் (காயத்ரி பாலசாமி வழக்கு), ஐவர் அமர்வு நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் இக்கதவைச் சற்றே திறந்தது. தவறான பகுதியைப் பிரித்தெடுக்க முடிந்தால் நீக்கலாம்; எழுத்துப் பிழை, கணக்குப் பிழைகளைத் திருத்தலாம்; தீர்ப்புக்குப் பிந்தைய வட்டியைச் சில சூழல்களில் மாற்றலாம். நீதிபதி கே.வி. விசுவநாதன் மாறுபட்டார். எனினும் சாட்சியங்களை மறுபடி எடைபோட்டு, ‘இந்த நிலத்தின் விலை இது’ என்று புதிதாகச் சொல்லும் அதிகாரம் இத்தீர்ப்பிலும் இல்லை.

சாதியின் நிலவியல் எங்கே நுழைகிறது?

வழிகாட்டி மதிப்பு தெருவாரியாகவும் புல எண்வாரியாகவும் நிர்ணயிக்கப்படுகிறது. ஊர் வேறு, சேரி வேறு என்று சாதி பிரித்து வைத்த நிலத்தில் தெருவின் பெயரே விலையைச் சொல்லிவிடும். கிரையப் பத்திரத்தைக் காட்டி உண்மை விலையை நிறுவலாம் என்றால், தலித் குடியிருப்புகளில் அத்தகைய பத்திரங்களே அரிது. பஞ்சமி நிலத்தை முதல் பத்தாண்டுகள் விற்க முடியாது. அதன்பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. நிலத்தைக் காக்க எழுதப்பட்ட விதி, சந்தை விலைக்கான சான்று உருவாகாமலும் செய்துவிடுகிறது. உழுபவர் ஒருவர், பட்டாவில் இருப்பவர் வேறொருவர் என்ற நிலையில் சிக்கல் இரட்டிப்பாகிறது.

ஆகவே நடுவர் முன் நடக்கும் விசாரணையே ஏறத்தாழ முதலும் கடைசியுமான வாய்ப்பு. அங்கே வைக்கப்படாத சான்றை நீதிமன்றத்தில் வைத்துப் பயனில்லை. பட்டா, அடங்கல், அ-பதிவேட்டு நகல்கள், சாலையோரத்திலும் ஊர்த் தெருவிலும் உள்ள ஒத்த நிலங்களின் பத்திரங்கள் ஆகியவற்றை எழுத்துப்பூர்வமாகத் தாக்கல் செய்ய வேண்டும். அவற்றை நடுவர் புறக்கணித்தால், காரணம் கூறாமல் விட்டால், அதுவே தீர்ப்பை ரத்து செய்யக் கோருவதற்கான அடிப்படையாகும். தீர்ப்பின் நகல் கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் மாவட்ட முதன்மை நீதிமன்றத்தை அணுக வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் 30 நாட்கள். அதற்கு மேல் ஒரு நாளும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. 2013ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டத்தின் முதல் மூன்று அட்டவணைகள் 2015 முதல் நெடுஞ்சாலை நிலமெடுப்புக்கும் பொருந்துகின்றன. அதன்படி சந்தை மதிப்போடு நூறு விழுக்காடு ஆறுதல் தொகை உண்டு. நிலம் இழக்கும் பட்டியல் சாதியினருக்கு, இழந்த அளவு நிலம் அல்லது இரண்டரை ஏக்கர், இவற்றில் எது குறைவோ அது மாற்று நிலமாக வழங்கப்பட வேண்டும் என்கிறது இரண்டாம் அட்டவணை. கேட்கப்படாத உரிமை கோப்புக்குள் வராது. எனவே இதையும் மனுவில் எழுதிக் கேட்க வேண்டும்.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்கீர் பறையர் மக்களின் நிலமின்மையை ஆவணப்படுத்தி அறிக்கை எழுதினார். பஞ்சமி நிலங்கள் பிறந்தது அதிலிருந்துதான். 1994 அக்டோபரில் காரணை நிலத்துக்கான போராட்டத்தில், அதே செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். இன்று அதே ஆட்சியர் பதவி நடுவர் இருக்கையிலும் அமர்கிறது. அரசு சாராத நடுவர் வேண்டும் என்ற கோரிக்கையை நாடாளுமன்றத்தை நோக்கி எழுப்புவது இயக்கங்களின் கடமை. அது நிறைவேறும் வரை, ஆட்சியர் முன் நிற்கும் குடும்பத்தின் பக்கத்தில் ஆவணங்களோடு ஒரு சட்ட மாணவர் நிற்பது உடனடித் தேவை.