சதுரத்தின் குறைந்த மூலை

அட்சரகணிதம் எழுத்துக்களைக் கொண்டது. கேத்திரகணிதம் உருவங்களைக் கொண்டது. பாடசாலையில் இவை வெவ்வேறு பாடங்களாகக் கற்பிக்கப்படுவதால், ஒன்றுக்கொன்று உறவில்லாதவை என்றே மாணவர் பலர் எண்ணிவிடுகின்றனர். இதனால் விளையும் இழப்புப் பெரிது. இருபடிச் சமன்பாட்டின் சூத்திரத்தை மனனஞ் செய்து வைத்திருக்கும் மாணவன், பரீட்சை மண்டபத்தில் அதில் ஒரு குறியை மறந்துவிட்டால் முழுக் கணக்கையும் இழந்துவிடுகிறான். அச்சூத்திரம் பிறந்த வழியை அறிந்தவனோ அதனைத் தானே மீண்டும் ஆக்கிக்கொள்வான்.

அவ்வழியைக் காட்டியவருள் ஒருவர், 9ஆம் நூற்றாண்டில் பாக்தாத் நகரில் வாழ்ந்த அல் குவாரிஸ்மி. அவர் அரபு மொழியில் இயற்றிய நூலின் பெயரிலுள்ள 'அல்ஜப்ர்' என்னும் சொல்லே, பின்னர் ஆங்கிலத்தில் 'அல்ஜிப்ரா' ஆயிற்று. குறியீடுகளின்றிச் சொற்களாலேயே அவர் விளக்கிய கணக்குகளுள் ஒன்று இது: ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அவ்வெண்ணின் 10 மடங்கைக் கூட்டினால் 39 வரும், அவ்வெண் யாது?

ஒரு தாளில் சதுரம் ஒன்றை வரைக. அதன் பக்கமே நாம் தேடும் எண். அதன் பரப்பு அவ்வெண்ணின் வர்க்கம். இனி, 10 மடங்கை இரு சம பங்குகளாக்குக. ஒவ்வொன்றும் 5 அகலமுள்ள செவ்வகம். ஒன்றைச் சதுரத்தின் வலப்புறத்திலும், மற்றையதைக் கீழ்ப்புறத்திலும் ஒட்டி வரைக. இம்மூன்றின் மொத்தப் பரப்பு 39.

இப்பொழுது உருவத்தை நோக்கினால், பெரியதொரு சதுரம் ஒரு மூலை மட்டும் குறைந்து நிற்பது புலனாகும். அம்மூலை, பக்கம் 5 உடைய சிறு சதுரம், பரப்பு 25. அதனை நிரப்பினால் மொத்தம் 64. ஆகவே பெரிய சதுரத்தின் பக்கம் 8. அதிலிருந்து 5ஐக் கழிக்க, விடை 3. சரிபார்த்தால், 9உம் 30உம் சேர்ந்து 39.

'பாதியாக்கு, வர்க்கமாக்கு, இருபுறமும் கூட்டு' என்று வகுப்பறையில் கூறப்படும் விதி இதுவே. கூட்டப்படும் 25 எங்கிருந்து வந்தது என்று மாணவன் இனி மயங்க வேண்டியதில்லை.

எனினும் ஓர் எச்சரிக்கை தேவை. 64க்கு வர்க்கமூலம் 8 மட்டுமன்று, மறை 8உம் ஆகும். அதனால் மறை 13உம் அச்சமன்பாட்டுக்கு விடையாகும். 169இலிருந்து 130ஐக் கழித்தாலும் 39தானே! உருவத்தின் பக்கம் மறை எண்ணாக இருக்கவியலாமையால், படம் அவ்விடையைக் காட்டாது. சமன்பாட்டை மட்டும் தீர்க்கச் சொன்னால் இரு விடைகளையும் எழுதுதல் வேண்டும். தோட்டத்தின் அகலத்தைக் கேட்டால் மறை விடையைக் காரணங்கூறி நீக்குதல் வேண்டும். எழுத்து தருவதை உருவமும், உருவம் மறைப்பதை எழுத்தும் இவ்வாறு சோதித்துக் கொள்கின்றன.

பயிற்சிக்கு ஒன்று: ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அதன் 6 மடங்கைக் கூட்ட 55 வருகிறது. சூத்திரத்தை நாடாமல், முதலில் சதுரத்தை வரைக. குறைந்த மூலை எவ்வளவு?