காலி முகத்திடலில் தொடங்கிப் பார்த்தால் டெம்புரா

மாலையானால் காலி முகத்திடலில் இறால் வடை வண்டிகளைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிடும். பருப்பு வடையின் மேல் முழு இறால், அதன்மேல் காரமாக வெங்காயச் சம்பல். இன்று பெரும் பணம் கொடுத்துச் சாப்பிடப்படும் ஜப்பானிய டெம்புராவும் இப்படித் தெருவோரத்தில் வளர்ந்ததுதான்.

மாவில் தோய்த்துப் பொரிக்கும் முறை 16ஆம் நூற்றாண்டில் நாகசாகிப் பக்கம் வந்த போர்த்துக்கேயர் வழியாக ஜப்பானுக்குப் போனது. 1505இல் இலங்கைக் கரையைத் தொட்டவர்களும் அவர்கள்தான். இந்த முறை பிறகு தோக்கியோவுக்கும் போனது; அந்நகரின் பெயர் அப்போது எடோ. வீடுகளெல்லாம் மரத்தாலும் கடதாசியாலும் ஆனவை என்பதால் வீட்டுக்குள் எண்ணெய்ச் சட்டி வைக்கப் பயம். அதனால் தெருக்கடைகளில் பொரித்தார்கள். பக்கத்து விரிகுடாவில் பிடித்த மீனைக் குச்சியில் குத்தித் தர, நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

இன்றைய உயர்தர டெம்புராக் கடையில் சில ஆசனங்களே இருக்கும். எண்ணெய்ச் சட்டிக்கு எதிரே அமர்ந்தால் சமையற்காரர் ஒவ்வொன்றாகப் பொரித்து முன்னால் வைப்பார். தோக்கியோவின் கின்சா பகுதியில் ஃபுமியோ கொண்டோ நடத்தும் கடை இதற்குப் பேர்போனது. ஷிசுவோகாவின் நருசே கடையோ பக்கத்துச் சுருகா விரிகுடா மீன்களால் பெயரெடுத்தது.

வேலையின் நுட்பத்தை ஓர் இறாலில் பார்க்கலாம். வயிற்றுப் பக்கம் சிறு கீறல்கள் போட்டு நிமிர்த்திவிட்டால் எண்ணெயில் சுருளாது. வால் நுனியை வெட்டி, உள்ளிருக்கும் நீரைக் கத்தியால் வழித்துவிடுவார்கள். இல்லையென்றால் எண்ணெய் தெறிக்கும். கோதுமை மாவை முட்டையும் குளிர்ந்த நீரும் சேர்த்துக் கட்டி கட்டியாகவே விட்டுவிடுவார்கள். அதிகம் கலக்கினால் மா இழுபட்டு, மொறுமொறுப்புப் போய்விடும். எண்ணெய் 170 முதல் 180 பாகை வரை. மாவின் நீர் ஆவியாகி வெளியேற, உறை மொறுமொறுப்பாகும். உள்ளே இறால் தன் ஈரத்திலேயே அவியும். சத்தம் தணிவதைக் கேட்டே எடுப்பார்கள். மசாலா எதுவும் இல்லை என்பதால் பழைய மீன் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

கொழும்பில் ஜப்பானிய உணவென்றால் முதலில் வரும் பெயர் தர்ஷன் முனிதாச. தாய் ஜப்பானியர், தந்தை இலங்கையர். அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்து, 1995இல் நிஹோன்பாஷி உணவகத்தைத் திறந்தார். சமையலைத் தானாகவே கற்றவர். 2011இல் கிரிக்கெட் வீரர்களான மஹேல ஜயவர்தனவும் குமார் சங்கக்காரவும் பங்காளிகளாகச் சேர, கோட்டையின் பழைய ஒல்லாந்தர் வைத்தியசாலைக் கட்டடத்தில் 'மினிஸ்ட்ரி ஒஃப் கிராப்' தொடங்கியது. அங்கே இலங்கை நண்டுக்கு ஜப்பானிய டாஷிச் சாறும் நமது மிளகும் ஒன்றாகச் சேர்கின்றன. அந்த நண்டு அதற்கு முன்பே சிங்கப்பூரில் பிரபலம். நல்ல உருப்படிகள் விமானமேற, ஊரில் மிஞ்சியவைதான் சந்தைக்கு வந்தன. ஜப்பானுக்கு ஏற்றுமதியாகும் சூரையின் கதையும் அதேதான்.

டெம்புராவுக்கு ஏற்ற சரக்கு இங்கே தாராளம். ஜப்பானியர் விரும்பிப் பொரிக்கும் கிசு மீன், நமது கிழங்கானின் இனம். வெள்ளவத்தை வீடுகளில் கறியாகும் கணவாயும் டெம்புராச் சட்டிக்குப் பழக்கமானது. இவற்றை வாங்க, கொட்டாஞ்சேனையிலிருந்து களனி கங்கையைக் கடந்தால் பேலியகொடை மொத்த மீன் சந்தை.

டெம்புராக் கடைக்கு முதல்முறை போகிறவர்கள் பட்டியலைப் புரட்டுவதற்கு முன் அன்றைக்கு என்ன மீன் வந்தது என்று கேட்கலாம். தட்டில் வைத்ததைப் படம் எடுத்துக்கொண்டிருந்தால் உறை நமத்துவிடும். முதல் துண்டுக்கு உப்பும் தேசிக்காயும் போதும்; துருவிய முள்ளங்கி சேர்த்த சாறு பிறகு. மினிஸ்ட்ரி ஒஃப் கிராப்பில் உறைபெட்டியே வைப்பதில்லை. வரத்து இல்லாத நாளில் பெரிய நண்டு கேட்டால், இல்லை என்ற பதில்தான் வரும்.