மேடைக்கு ஒரு கல், தரைக்கு ஒரு கல்

வீடு கட்டுகிறவர்கள் கல் கடையில் கேட்பது பெரும்பாலும் மூன்றே கேள்விகள்: என்ன நிறம், என்ன பெயர், சதுர அடி என்ன விலை? அந்தக் கல் நம் வீட்டில் எப்படி உழைக்கும் என்பதற்கு இந்த மூன்றிலும் பதில் கிடைக்காது. அதைத் தீர்மானிப்பது கல்லுக்குள் இருக்கும் கனிமம்.

வீட்டுக்கு வரும் கற்களை இரண்டு குடும்பங்களாகப் பிரிக்கலாம். மார்பிள், கடப்பா, கோட்டா மூன்றும் சுண்ணாம்புக் குடும்பம். கடப்பாவும் கோட்டாவும் நீரடியில் படிந்து இறுகிய சுண்ணாம்புக்கல். அத்தகைய கல் பூமிக்குள் வெப்பத்திலும் அழுத்தத்திலும் புதிதாகப் படிகமானால் மார்பிள். கிரானைட்டோ நெருப்புக் குழம்பு ஆழத்தில் மெல்லக் குளிர்ந்து உருவானது. அதில் இருப்பவை குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் போன்ற சிலிக்கேட் கனிமங்கள்.

நம் சமையலறையில் இந்த வேறுபாடு உடனே தெரிந்துவிடும். புளி, எலுமிச்சை, தயிர், தக்காளி எல்லாமே அமிலம். சுண்ணாம்புக் கல்லின் கால்சியம் கார்பனேட் அமிலம் பட்டதும் கரைந்து, கரியமில வாயுவை வெளியேற்றும். புளிக்கரைசல் சிந்திய இடத்தில் பளபளப்பு போய் வெளிறிய தடம் விழும். அது கறையல்ல, அரிப்பு. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. மறுபடி பாலிஷ் போட வேண்டும். சீலர் பூசினாலும் தப்பாது. அது கல் உறிஞ்சுவதைக் குறைக்குமே தவிர, இந்த வினையைத் தடுக்காது. சிலிக்கேட் கற்களைச் சமையலறை அமிலங்கள் ஒன்றும் செய்வதில்லை.

ஆனால் கடையில் ‘கிரானைட்’ என்று விற்பதெல்லாம் புவியியலாளரின் கிரானைட் அல்ல. விழுப்புரம் பக்கத்துக் குன்னம் கறுப்பு, உண்மையில் டோலரைட். ‘காஷ்மீர் ஒயிட்’ என்ற வெள்ளைக் கல் வெட்டப்படுவது மதுரை வட்டாரத்தில். அதிலுள்ள செம்புள்ளிகள் கார்னெட் கனிமம். இரண்டும் அமிலத்தைத் தாங்கும். ஆனால் வெள்ளைக் கல் நீரையும் எண்ணெயையும் கூடுதலாக உறிஞ்சும். மஞ்சள்தூள் கலந்த எண்ணெய் அதில் இறங்கினால் பளிச்சென்று தெரியும். சீலர் அவசியமாவது இங்கேதான்.

சோதிப்பது எளிது. மாதிரித் துண்டொன்றை வாங்கி வந்து எலுமிச்சைச் சாற்றை விட்டுக் கால் மணி நேரம் கழித்துத் துடையுங்கள்; மங்கினால் அது மேடைக்கு ஆகாது. தண்ணீர்ச் சொட்டு விட்ட இடம் சில நிமிடங்களில் கறுத்தால், உறிஞ்சும் கல். கறுப்புக் கல்லை அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணியால் துடைக்கும்போது துணியில் கறுப்பு ஒட்டினால், சாயம் ஏற்றிய கல்.

தரைக்கு வேறு கணக்கு. அங்கே முதல் எதிரி மணல். மோஸ் கடினத்தன்மை அளவில் மார்பிளின் கால்சைட் 3, மணலின் குவார்ட்ஸ் 7. செருப்போடு வரும் மணல் ஒவ்வொரு அடியிலும் மார்பிளைக் கீறும். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வரும் வீட்டில், கூடத்துக்கும் பூஜை அறைக்கும் மார்பிள் தாராளமாகப் போடலாம். அமிலம் கலந்த தரைகழுவியை மட்டும் அதன் பக்கம் கொண்டுவரக் கூடாது.

கிரானைட்டின் ஆபத்து வழுக்கல். குளியலறை, வெளிப்படிக்கட்டு, போர்டிகோ போன்ற நனையும் இடங்களில் பாலிஷ் போட்ட கல்லைத் தவிர்த்து, ‘ஃப்ளேம் ஃபினிஷ்’ கேட்டு வாங்குங்கள். கல்லின் மேல் தீச்சுவாலை படும்போது கனிமங்கள் வெவ்வேறு அளவில் விரிகின்றன. மேலடுக்கு செதில்களாகத் தெறித்து, காலைப் பிடிக்கும் சொரசொரப்பு வந்துவிடுகிறது.

கையகல மாதிரியை மட்டும் பார்த்து ஆர்டர் கொடுக்காதீர்கள். இயற்கைக் கல்லில் ஒரு ஸ்லாப் போல இன்னொன்று இருக்காது. வெயிலில் முழு ஸ்லாப்பையும் நிறுத்திப் பார்த்து, மேடைக்குத் தேவையான அத்தனையையும் ஒரே பாறைத் துண்டில் அறுத்தவையாகக் கேளுங்கள். வாங்கும்போதே ஒரு துண்டு கூடுதலாக எடுத்து வையுங்கள். பின்னாளில் எங்காவது விரிசல் விட்டால் அதே நிறத்தில் கல் தேடி அலைய வேண்டியிருக்காது.