தொல்குடி மொழிகளைத் தேடி – 8: மார்லவாய் காட்டிய வழி

மைசூரில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969இல் உருவான கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அதற்கு 11 ஆண்டுகள் முன்பே, 1958இல், ஐதராபாத்தில் மத்திய அரசு ஒரு மொழி நிறுவனத்தைத் தொடங்கிவிட்டது. அது ஆங்கிலத்துக்கானது. பிறகு அயல்மொழிகளும் சேர்ந்து, இன்று அது ஒரு மத்தியப் பல்கலைக்கழகம். பழங்குடி மொழிகளுக்கென்றே ஒரு தேசிய நிறுவனம் அமைப்பதானால் அது எப்படி இருக்க வேண்டும்? இதற்கான பதிலில் பாதி ஐதராபாத் வரலாற்றிலேயே இருக்கிறது.

உஸ்மானியா பல்கலைக்கழகம் 1918இல் பிறந்தபோது அதன் பயிற்றுமொழி உருது. பாடநூல்களுக்காக அதற்கு முந்தைய ஆண்டே ‘தாருல் தர்ஜுமா’ என்ற மொழிபெயர்ப்புத் துறையை நிஜாம் அரசு அமைத்தது. மருத்துவமும் பொறியியலும்கூட உருதுவில் கற்பிக்கப்பட்டன. அரசு மனம் வைத்தால் இந்திய மொழியில் எதையும் கற்பிக்கலாம் என்பது அன்றே நிரூபணமாகிவிட்டது. ஆனால் அந்த ராஜ்ஜியத்தின் பெரும்பான்மை மக்கள் பேசிய தெலுங்கு, மராத்தி, கன்னடத்துக்குக்கூட அந்த இடம் கிடைக்கவில்லை. ஆதிலாபாத் காடுகளின் கோண்டியைப் பற்றி யாரும் நினைக்கவே இல்லை.

நினைக்க வைத்தது ஒரு கிளர்ச்சி. நிலத்துக்காகவும் காட்டுக்காகவும் போராடிய குமரம் பீம், 1940இல் ஜோடேகாட்டில் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார். கோண்டு மக்கள் ஏன் கொதித்தெழுந்தார்கள் என்று ஆராயும் பொறுப்பு, ஆஸ்திரிய மானுடவியலாளர் கிறிஸ்டோஃப் வான் ஃபியூரர்-ஹைமண்டார்ஃபிடம் வந்தது. அவரும் மனைவி பெட்டியும் மார்லவாய் என்ற கோண்டு கிராமத்தில் தங்கி வேலை பார்த்தார்கள்.

1943இல் அந்தக் கிராமத்திலேயே ஆசிரியர் பயிற்சி மையம் தொடங்கியது. வெளியூரிலிருந்து படித்த வாத்தியார்களைக் கொண்டுவந்து இறக்கவில்லை. ஓரளவு எழுத்தறிந்த கோண்டு இளைஞர்களைத் தேடிப் பிடித்து, அவர்களையே வாத்தியாராக்கினார்கள். அரிச்சுவடி கோண்டி மொழியில், தேவநாகரி எழுத்தில் அச்சானது. வீட்டில் அம்மா பேசிய பேச்சையே முதல் நாள் வகுப்பிலும் பிள்ளை கேட்டது. மற்ற மொழிகள் பிறகுதான். அங்கே பயின்றவர்கள் கிராமக் கணக்கு வேலைக்கும் வனத்துறை வேலைக்கும் போனார்கள். தாய்மொழியில் தொடங்கிய படிப்பு சம்பளத்தில் போய் முடிந்ததைத்தான் மார்லவாயின் பெரிய சாதனையாக நான் நினைக்கிறேன்.

1948இல் நிஜாம் ஆட்சி முடிந்தது. அடுத்த ஆண்டு ஹைமண்டார்ஃப் லண்டன் போய்விட்டார். மொழிவாரி மாநிலம் வந்தபின் பள்ளிக்கூட மொழி தெலுங்கானது. கோண்டி வகுப்பு கைவிடப்பட்டது. 2004இல் ஒன்றுபட்ட ஆந்திர அரசு கோண்டி, கோயா, கோலாமி, சவரா உள்ளிட்ட 8 மொழிகளில் தொடக்கப் பாடநூல் கொண்டுவந்தபோது, அறுபது ஆண்டுக்கு முந்தைய வேலையை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டியிருந்தது. இந்த முறை தெலுங்கு எழுத்தில். பெட்டி 1987இல் ஐதராபாத்தில் காலமானபோது அவரை மார்லவாயில்தான் அடக்கம் செய்தார்கள். அந்த மக்கள் அவரை மறக்கவில்லை. அரசாங்கம்தான் அவர்களுடைய பள்ளிக்கூடத்தை மறந்தது.

2011 கணக்கெடுப்பில் கோண்டியைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 29.8 லட்சம் பேர். எட்டாவது அட்டவணையில் இடம்பெற்ற மணிப்புரி, போடோ மொழிகளைவிட இது அதிகம். கோண்டிக்கோ அட்டவணையில் இடமில்லை. காரணம் தெளிவு: கோண்டுகள் மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், சத்தீஸ்கர், தெலங்கானா எனச் சிதறிக் கிடக்கிறார்கள். ஒரே மொழி பேசும் பிள்ளைகள் ஒரு பக்கம் இந்தியிலும் இன்னொரு பக்கம் மராத்தியிலும் மற்றொரு பக்கம் தெலுங்கிலும் படிக்கிறார்கள். எந்த மாநில அரசும் தனியாக இதற்குத் தீர்வு காண முடியாது. தேசிய நிறுவனம் வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

எழுத்தும் அப்படித்தான். ஆதிலாபாத் மாவட்டம் குஞ்சாலா கிராமத்தில் 2006இல் பழைய கோண்டி ஏடுகள் வெளிச்சத்துக்கு வந்தன. சில முதியவர்கள் மட்டுமே படிக்கத் தெரிந்த அந்த எழுத்தை ஐதராபாத் பேராசிரியர் ஜெயதீர் திருமல ராவ் குழு மீட்டெடுத்தது. நம் மெய்யெழுத்து ‘க’வில் தொடங்கும், அதில் ‘ய’, ‘வ’, ‘ப’ என்று வரிசை போகிறது. 2018இல் அது யூனிகோடில் ஏறியது. அதற்கு முந்தைய ஆண்டு, மங்கள் சிங் மசராம் 1918இல் உருவாக்கிய இன்னொரு கோண்டி எழுத்தும் ஏறியிருந்தது. எதில் பாடநூல் அச்சடிப்பது என்பதைக் கோண்டுகளே கூடி முடிவு செய்ய ஒரு மன்றம் வேண்டும்.

ஆராய்ச்சிக்கு ஐதராபாத்தில் குறைவே இல்லை. உஸ்மானியாவில் மொழியியலை வளர்த்த பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி, கொண்டா மொழிக்கு 1969இல் இலக்கணம் எழுதினார். அவர் துணைவேந்தராக இருந்த ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் அழியும் மொழிகளுக்கான மையம் இருக்கிறது. ஐ.ஐ.ஐ.டி.யில் மொழித் தொழில்நுட்பம் வளர்கிறது. மாசாப் டேங்கில் பழங்குடியினர் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. ஆனால் இவர்கள் எழுதும் இலக்கணமும் அறிக்கையும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். அந்த மொழியைப் பேசுகிறவர்களுக்கு எட்டாத இடத்தில்.

ஆஸ்திரேலியா 1964இல் பூர்வகுடி ஆய்வு நிறுவனத்தைச் சட்டம் போட்டே அமைத்தது. தொடக்கத்தில் அதன் குழுவில் ஒரு பூர்வகுடிகூட இல்லை. இன்று அவர்களே பெரும்பான்மையாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நாம் அந்த இரண்டாவது கட்டத்திலிருந்தே தொடங்கலாம். நாடாளுமன்றச் சட்டம் இருந்தால், ஆட்சி மாறினாலும் அறிஞர் ஊர் போனாலும் வகுப்பு நிற்காது.

தலைமையகம் ஐதராபாத்தில் இருக்கட்டும். பயிற்சி மையங்கள் உட்னூரிலும் அரக்கிலும் பஸ்தரிலும் இருக்க வேண்டும். அங்கே கோண்டி, கோயா, கோலாமி படித்துத் தேறியவருக்கு அந்தந்த வட்டாரப் பள்ளியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் நீதிமன்றத்திலும் நிரந்தரப் பணியிடம் வேண்டும். கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டும் முன் இந்தச் சம்பளத்துக்குப் பணம் ஒதுக்கட்டும்.

(அடுத்த வாரம்: நீலகிரியில் தோடர், கோத்தர் மொழிகள்)