கண்புரை அறுவை சிகிச்சை: ஸஜ்தா செய்ய முடியாமல் போகுமா?



"கண்ணில் ஆபரேஷன் செய்தால் ஸஜ்தா செய்யக் கூடாதாமே, ஹஜ்ரத்?" கண்புரை வந்த பெரியவர்கள் ஆலிம்களிடம் கேட்கும் கேள்வி இது. இந்த அச்சத்தினால் சிகிச்சையைத் தள்ளிப்போட்டுப் பார்வையை இழந்து நிற்பவர்களும் உண்டு. எனவே மார்க்கம் சொல்வதையும் மருத்துவ ஆய்வுகள் சொல்வதையும் சேர்த்துப் பார்ப்போம்.

இந்த அச்சம் புதிதல்ல. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் பார்வை இழந்தபோது, சில நாட்கள் படுத்தபடியே தொழுதால் குணப்படுத்தலாம் என்று ஒருவர் சொன்னதாகவும், நபித்தோழர்களிடம் ஆலோசித்த பின் அவர்கள் அந்தச் சிகிச்சையை விட்டுவிட்டதாகவும் ஃபிக்ஹ் நூல்களில் ஓர் அறிவிப்பு வருகிறது. இதை அறிந்தே பிற்கால இமாம்கள் ஆராய்ந்தார்கள். நம்பகமான மருத்துவர் சொன்னால் படுத்தோ சைகை செய்தோ தொழுது சிகிச்சை பெறலாம் என்பதே ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளில் ஏற்கப்பட்ட கருத்து.

இனி மருத்துவத்துக்கு வருவோம். பழைய முறையில் கண்ணின் லென்ஸை அதன் உறையோடு சேர்த்து எடுத்துவிடுவார்கள். காயம் பெரியது. தையல் ஆறும்வரை அசையாமல் படுத்திருக்க வேண்டும். பிறகு வாழ்நாள் முழுவதும் தடித்த கண்ணாடி அணிய வேண்டும். அந்தக் கண்ணாடியில் பொருட்கள் சுமார் கால் பங்கு பெரிதாகத் தெரியும். பக்கவாட்டுப் பார்வை குறையும். கொல்லிமலையின் சரிவுகளில் நடக்கும் ஒரு முதியவருக்கு இது எவ்வளவு ஆபத்து என்று எண்ணிப் பாருங்கள். கண்ணாடி உடைந்தால் மீண்டும் பார்வையற்ற நிலைதான்.

புதிய முறையில் உறையை விட்டுவைத்து, அதற்குள் செயற்கை லென்ஸைப் பொருத்துகிறார்கள். ஏழை நோயாளிகள் நிறைந்த நாடுகளில் இதைப் பாதுகாப்பாகச் செய்ய முடியுமா என்ற சந்தேகம் அன்று இருந்தது. விடை காண மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் ஓர் ஆய்வு நடந்து, 1998இல் வெளியானது. இரு கண்களிலும் பார்வை இழந்த 3400 பேர் அதில் பங்கேற்றனர். யாருக்கு எந்த முறை என்பதை மருத்துவர் தேர்ந்தெடுக்கவில்லை. குலுக்கல் போலவே முடிவானது. அப்போதுதான் ஒப்பீடு நேர்மையாக இருக்கும். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, லென்ஸ் பொருத்தப்பட்டவர்களின் பார்வையும் அன்றாட வாழ்வும் மேலாக இருந்தன.

அப்படியானால் பக்கவிளைவே இல்லையா? உண்டு. சிலருக்குச் சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ லென்ஸின் பின்னுள்ள உறை மங்கும். "புரை திரும்ப வந்துவிட்டது" என்று நாம் சொல்வது இதைத்தான். லேசர் மூலம் சில நிமிடங்களில் சரிசெய்துவிடலாம்.

அஞ்ச வேண்டியது கண்ணுக்குள் ஏற்படும் கிருமித் தொற்று. அது பார்வையையே பறிக்கக் கூடியது. அரவிந்த் மருத்துவமனைகளில் நடந்த 6 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகளின் பதிவுகளை அலசிய ஆய்வு 2017இல் வெளிவந்தது. சிகிச்சையின் முடிவில் மாக்ஸிஃப்ளாக்ஸாசின் மருந்தைக் கண்ணுக்குள் செலுத்தாதபோது 10,000 பேரில் சுமார் 7 பேருக்குத் தொற்று வந்தது. செலுத்தியபோது சுமார் 2 பேருக்கே வந்தது. இது பதிவுகளை வைத்துச் செய்த ஒப்பீடு. குலுக்கல் முறை ஆய்வு அல்ல. ஆனாலும் இத்தனை பெரிய எண்ணிக்கை எளிதில் ஒதுக்கத் தக்கதல்ல.

இரண்டு, ஏழு என்பவை சிறிய எண்கள்தாம். ஆனால் அந்த இருவரில் ஒருவர் நம் அத்தாவாகவும் இருக்கலாம். கொல்லிமலையிலிருந்து கீழே இறங்க 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். அப்படிப்பட்ட தொலைவில் இருப்பவர், "நாளைக்குப் பார்க்கலாம்" என்று வலியைப் பொறுத்துக்கொண்டால் அந்தத் தாமதமே பார்வையைக் கெடுத்துவிடும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு வலி கூடினால், கண் சிவந்தால், தெரிந்த பார்வை மங்கினால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

சிகிச்சைக்குச் சம்மதித்துக் கையெழுத்திடும் முன் குடும்பத்தார் மருத்துவரிடம் நான்கு விஷயங்களைக் கேட்டுக்கொள்வது நல்லது. எந்த முறையில் செய்கிறீர்கள்? இவருக்குச் சர்க்கரை நோயோ வேறு கண் நோயோ இருப்பதால் பலன் குறையுமா? மறுபரிசோதனைக்கு எந்தெந்த நாட்களில் வர வேண்டும்? எத்தனை நாள் குனியக் கூடாது, கண்ணில் தண்ணீர் படக் கூடாது?

இன்றைய சிறு கீறல் முறையில் பெரும்பாலோர் அன்றோ மறுநாளோ வீடு திரும்பி நடமாடுகிறார்கள். குனிவதற்கான தடையும் மருத்துவர் குறிக்கும் சில நாட்களுக்குத்தான். அதுவரை நாற்காலியில் அமர்ந்து, ருகூஃவுக்கும் ஸஜ்தாவுக்கும் சைகை செய்து தொழலாம், தொழுகை நிறைவேறிவிடும். உளூவில் முகம் கழுவுவது பற்றி உங்கள் மத்ஹபின்படி மஹல்லா இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் பார்வை மங்கிய பெரியவர் இருந்தால், இந்தச் சட்டத்தை அவருக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். மருத்துவமனைக்கு நீங்களும் கூடவே செல்லுங்கள். அல்லாஹ் நம் பெரியவர்களுக்குப் பூரண ஷிஃபாவை வழங்குவானாக, ஆமீன்.