பவளமும் பாசிமணியும்

பவளத்தைத் துகிர் என்றனர் பண்டைத் தமிழர். பூம்புகாரில் குவிந்த பொருள்களுள் கீழ்க்கடல் துகிரையும் பட்டினப்பாலை சுட்டுகிறது. கிரேக்க மொழியிலமைந்த பெரிப்புளூசு என்னும் கடற்செலவு நூலோ, முசிறியில் வந்திறங்கிய மேலைச் சரக்குகளுள் பவளத்தோடு பண்படாக் கண்ணாடியையும் சேர்த்துரைக்கிறது.

கண்ணாடியை மணியாக்கிக் கீழ்த்திசை நாடுகளுக்கு அனுப்பியோருள் தமிழகத்தாரும் உண்டு. 1945-இல் மார்ட்டிமர் வீலரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அகழ்ந்த, புதுச்சேரியை அடுத்த அரிக்கமேடு இதற்குச் சான்று. உருக்கிய கண்ணாடியை மெல்லிய குழலாக இழுத்து, நறுக்கி, மீண்டும் சூடேற்றி விளிம்பை மழுக்கினர். இழுத்த மணியில் காற்றுக்குமிழிகள் துளையின் போக்கிலேயே நீண்டிருக்கும். கம்பியில் சுற்றிய மணியில் துளையைச் சூழ்ந்து வளைந்திருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றிருந்தால் எவரும் காணலாம்.

ஆயின், வயதறிதல் அத்துணை எளிதன்று. இதே இழுப்புமுறை ஆந்திரத்துப் பாப்பநாயுடுபேட்டையில் இருபதாம் நூற்றாண்டிலும் வழங்கியது. ஈராயிரம் ஆண்டு மணியும் நேற்றைய மணியும் உள்ளங்கையில் ஒன்றுபோல் தோன்றும். எந்த மண்ணடுக்கில், எவ்வகை ஓட்டுச்சில்லோடு கிடந்தது என்பதே அதன் காலத்தைக் காட்டும். மழை கழுவிய மேட்டில் மணி பொறுக்கிக் கோத்து விற்போரும் வாங்குவோரும் அழிப்பது அந்தச் சான்றையே. சிறுசேரிக்குத் தெற்கே, திருப்போரூர்ப் பக்கத்துச் சிறுதாவூர்ப் பெருங்கற்கால ஈமச்சின்னங்களைக் காணச் செல்லும் மாணவர் இதனை நினைவிற் கொள்க.

நூறாண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் அயல்நாட்டிற்கு அனுப்புவதை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சேகரிக்க விழைவோர்க்கு வீட்டுப் பெட்டகமே போதும். நம் இல்லத்து மணமகளிர் அணியும் கருகமணியும் கண்ணாடி மணியன்றோ? பாட்டியாரின் சரத்தை யார், எவ்வூரில், எவ்வாண்டு வாங்கினார் எனக் கேட்டு, ஒரு சீட்டில் எழுதி உடன் வைத்தல் வேண்டும்.